புகை இல்லாத துப்பாக்கி

இன்னும் வரவில்லை. தப்புச் சத்தம் மட்டும் வருகிறது, கடைத்தெருப் பக்கம் எங்கேயோ நின்று ஆடுகிறார்கள், ஒவ்வொரு கடைக்காரரும் ஊர்வலத்தை நிறுத்திப் பானகம் கொடுப்பார், மாலை போடுவார், புலி வேஷத்தோடு இவரும் சும்மா இராமல் அங்கங்கே ஒரு சுற்று ஆடிக் காட்டுவார், நாலு பேர் கை தட்டிவிட்டால் இவருக்குத் தலைகால் புரியாது. மெதுவா ஆடுங்க, பேருக்கு ஆடினாப் போதும், உங்க உடம்பு சாமிக்குத் தெரியும் என்று காலையிலிருந்து தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். காதில் வாங்கினாரா என்றால் வாங்கினார், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். நான் இங்கே நூலகத்து மேல்மாடி ஜன்னலில் நிற்கிறேன். முஹர்ரம் விடுமுறை, வாசகர்கள் யாரும் இல்லை, நூலகர் என்கிற முறையில் சாவி என்னிடம் இருக்கிறது, திறந்துகொண்டு வந்து நிற்கிறேன், அரசாங்கக் கட்டடத்தைச் சொந்த வேலைக்குத் திறந்தாள் என்று எவராவது எழுதிப் போட்டால் போடட்டும். கீழே பீரங்கிச் சதுக்கம். நடுவில் மேடை, மேடைமேல் வாயில் சிமெண்ட் அடைத்த பழைய பீரங்கி, அதன்மேல் வழக்கம்போல ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் தார்த் தரை பளபளக்கிறது, பார்க்கவே கண் கூசுகிறது, அந்தத் தாரில் வெறுங்காலோடு ஆட வேண்டும். கீழே கூட்டத்தோடு நின்றிருக்கலாம், பூங்கோதையும் கூப்பிட்டாள், வாம்மா, அப்பாவை முன்னால நின்னு பாக்கலாம் என்று. எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நின்றால் என் வாய் சும்மா இருக்காது. அதனால்தான் மேலே வந்துவிட்டேன்.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே அந்தப் படம் தொங்குகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் வந்தேன், வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஜன்னலில் உட்கார்ந்து யாரோ ஒரு வெள்ளைக்காரன் இதே சதுக்கத்தை இதே பண்டிகை நாளில் வரைந்தது, அப்போது இது அவர்களுடைய சுங்கக் கிடங்கு. பீரங்கி அப்போதும் இருந்திருக்கிறது, அன்றைக்கும் அதன்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் மாறவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், படத்துக்கு விளக்கம் சொல்லுங்க மேடம் என்பார்கள், நானும் குச்சியை வைத்துக்கொண்டு சொல்லுவேன். இதோ பொய்க்கால் குதிரை, ராஜா வேஷம், ராஜாவுக்கும் கால் இல்லை குதிரைக்கும் கால் இல்லை, இருப்பது ரெண்டு கால், அது ஆடுகிறவனுடைய கால், அதிகாரம் என்றால் இவ்வளவுதான் பிள்ளைகளா. இதோ மயில்பீலிக்கட்டு வைத்த பக்கீர், அவர் ஆசீர்வாதம். இதோ கோமாளி, கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறான், அவன்தான் உலகம், எதைப் பார்த்தாலும் சிரிக்கும். நடுவில் விழுந்து கிடப்பது புலி, அது ஆணவம். அதைச் சுட்ட வேட்டைக்காரன், அவன் காலம், அதனால்தான் அவனுக்கு முகம் போடவில்லை, காலத்துக்கு முகம் கிடையாது. டீச்சர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லை, எல்லாம் நானே கட்டிவிட்ட கதை, அன்றன்றைக்குத் தோன்றினதைச் சொல்லுவேன், ஒரு தடவை பக்கீரைக் காலமென்றும் வேட்டைக்காரனை ஆசீர்வாதமென்றும் மாற்றிச் சொல்லிவிட்டேன், அதற்கும் தலையாட்டினார்கள். இவர்தான் ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் படத்துக்கு முன்னால் நின்று, ஏன் தையலு, துப்பாக்கியில புகையே இல்லையே என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். கூட்டத்தில் மேலே பார்த்து வாய் பிளந்த ஒவ்வொருத்தன் தலைப்பாகை மடிப்பையும் வரைந்திருக்கிறான், கொடியில் கட்டின சரிகையைப் போட்டிருக்கிறான், பீரங்கி நிழலைப் போட்டிருக்கிறான், புலி விழுந்து கிடக்கிறது, துப்பாக்கி நீட்டியபடி இருக்கிறது, ஒரு பொட்டுப் புகை இல்லை. அதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும், தூரிகையைப் போட்டுட்டுப் போயிருப்பான் என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் படத்தில் எனக்கு வேறெதுவும் தெரிவதில்லை, புகை இல்லாதது மட்டும்தான் தெரிகிறது.

சத்தம் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. இந்நேரம் முனிசிபாலிட்டி திருப்பத்துக்கு வந்திருப்பார்கள். வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொண்டு இருப்பார். புலி வேஷம் போட்டால் அப்படித்தான், முஹர்ரத்துக்குப் பஞ்சா எடுக்கிற வீட்டில், ஊர்வலத்தில் தூக்கி வருகிற அந்த வெள்ளிக் கைக்கு முன்னால் ஓதிக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வாயில் கவ்விவிட்டால் சதுக்கத்தில் சுட்டு விழுந்து எழுந்திருக்கும்வரை எடுக்கக் கூடாது, பேச முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. கடைக்காரர்கள் கொடுக்கிற பானகமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். எழுந்ததும் பழத்தைக் கூட்டத்தில் துப்பி எறிவார், பிடித்தவர் வீட்டில் அந்த வருஷம் நல்லது நடக்கும், அதற்கு ஒரு தள்ளுமுள்ளு. எல்லாம் இவராகத் தேடிக்கொண்டது. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, நாக்கை அறுக்க. பூங்கோதைக்காகத்தானே. அந்தக் காய்ச்சல் வந்தபோது முதலில் கை சுட்டது, கல்லூரியிலிருந்து வந்து என் கையைப் பிடித்தாள், என்னடி இப்படிச் சுடுது என்றேன், வெயில்ல வந்தேன்மா என்றாள். நானும் சரி என்று மோர் கலக்கிக் கொடுத்தேன். ரெண்டாம் நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை, மூளைக் காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்தாள், டாக்டர் எங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசினார். நான் போகாத கோயில் இல்லை. இவர் தன் சிநேகிதர், வருஷா வருஷம் வேட்டைக்காரன் வேஷம் போடுகிற தாவூது பாயோடு நேரே பஞ்சா வீட்டுக்குப் போய் விழுந்தார், பிள்ளையைக் கொடு, மூணு வருஷம் புலி போடறேன் என்று. மறுநாள் விடியற்காலையில் பூங்கோதை கண்ணைத் திறந்து தாகமா இருக்கு என்றாள். டாக்டர் மருந்து வேலை செய்தது என்றார். செய்திருக்கும், நான் படித்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எது வேலை செய்தது என்று தெரியாதபோது எதையும் அரைகுறையாக விட முடியாது. இது மூன்றாவது வருஷம். இன்றைக்கு எழுந்துவிட்டால் முடிந்தது.

அதற்கு ஒரு கட்டு இருக்கிறது. முகத்தில் வர்ணம் பட்டதிலிருந்து அந்த ஆள் ஆள் இல்லை, புலி. விழுந்த புலியை எழுப்பத் தப்பில் எழுப்படி அடித்து அது தானாக எழுந்திருக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதிலும் வீட்டு மனுஷர்கள் கூப்பிடவே கூடாது, கூப்பிட்டால் வேண்டுதல் முறிந்துபோகும், எதை வாங்கினோமோ அது திரும்பிப் போய்விடும். முதல் வருஷம் பஞ்சா வீட்டுப் பெரியவர் இதைச் சொன்னபோது தாவூது பாய் சிரித்தார், தங்கச்சிக்கு அந்தப் பயமே வேண்டாம் ஹஜ்ரத், அது கல்யாணமான நாளிலேர்ந்து மாப்பிள்ளை பேரைச் சொன்னதே இல்லை என்று. வாஸ்தவம். என் பேர் தையல்நாயகி, இவர் பேர் அந்தக் கோயில் சாமியின் பேர், வைத்தியம் பார்க்கிற சாமி, பேர்ப்பொருத்தம் ஒன்றே போதும் என்று ஜாதகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கட்டிவைத்தார்கள். வங்கியில் கணவர் பேர் என்ன என்று கேட்டால் பேனாவை வாங்கி எழுதிக் காட்டுவேன், அந்தப் பையன் என்னை ஊமை என்று நினைத்து சைகையில் பேசினான். நூலகராக இருந்துகொண்டு இது என்ன பழக்கம் என்று பூங்கோதை கிண்டல் பண்ணுவாள். வாய் வரவில்லை, அவ்வளவுதான், சாமிப் பேர் வைத்த மனுஷர் வைத்தியத்துக்கு மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார், இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல.

பங்குனியில் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடிக்கவில்லை, தாடையைப் பிடித்துக்கொண்டார், பல்வலி மாதிரி இருக்குது என்றார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தஞ்சாவூருக்குப் போனோம். டாக்டர் படத்தைப் போட்டுக் காட்டினார், இதோ இந்த இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும், தள்ளிப்போடாதீங்க, வெயில்ல அலையக் கூடாது, மூச்சு வாங்குற வேலை கூடாது. வெளியே வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை, பண்டிகை முடியட்டும். பூங்கோதைக்குச் சொல்லக் கூடாது என்றார், கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளை பதறிப்போகும், கேஸ் ட்ரபிள் என்று சொல்லு. தாவூது பாய்க்கும் சொல்லக் கூடாது, அவனுக்குத் தெரிஞ்சா துப்பாக்கியையே தூக்க மாட்டான். நான் சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன், பேசாமல் இருந்தேன். ஒரு நாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"மூணாவது வருஷத்தை நிறுத்திட்டு நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலைவலின்னா நீ தாங்குவியா தையலு? நான் தாங்க மாட்டேன்."

அன்றைக்கு ரெண்டு பேருக்கும் இலை போட்டேன். ஏனென்றால் நானும் தாங்க மாட்டேன். இன்று வரைக்கும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அதனால்தான் சொல்லவில்லை, இவருக்குப் பயந்து இல்லை, அந்தக் கண்ணாடிக்குப் பயந்து. இன்று காலையில் தாவூது பாய் வீட்டுக் கொல்லையில் வர்ணம் அடித்தார்கள். அந்தக் காலத்தில் மஞ்சளும் கரியும் முட்டையும் குழைத்துப் பூசுவார்களாம், இப்போது பெயிண்ட்தான், கதவுக்கு அடிக்கிற பெயிண்ட், ஒரு கோட்டிங் அடித்துக் காயவிட்டு மேலே வரி போடுகிறார்கள். உடம்பு முழுக்க மயிர்க்கால் அடைத்துப்போகும், வேர்வை வெளியே வராது. முகத்துக்கு முன்னால் நெஞ்சுக்குத்தான் பூசினார்கள், இடப்பக்கம் அந்தப் பெயிண்டர் தூரிகையை வைத்தபோது இவர் லேசாகச் சுளித்தார், குளிருது என்றார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். முகத்தில் வைக்கிறதுக்கு முன்னால் என்னைப் பார்த்து, போ, போய் ஜன்னல்ல நில்லு, படத்தில பாத்ததை நேர்ல பாரு என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. கடைசியாக என்றால் இன்றைக்குக் கடைசியாக, சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கும்போது எரியுது எரியுது என்று ஊரைக் கூட்டுவார், அப்போது பேசித் தீர்க்கலாம்.

வந்துவிட்டார்கள். முதலில் கொடி, அப்புறம் குடைக்குக் கீழே மாலைகளுக்குள் வெள்ளிக் கை, ஐந்து விரலையும் விரித்து என்னைப் பார்த்து நில் என்கிற மாதிரி. சாம்பிராணிப் புகை மேல்மாடி வரைக்கும் வருகிறது. பின்னால் பொய்க்கால் குதிரை, ராஜாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், கோமாளி பிள்ளைகளைத் துரத்துகிறான், மயில்பீலிக்கட்டோடு பஞ்சா வீட்டுப் பெரியவர் மெல்ல நடந்து வருகிறார். எல்லாரும் படத்தில் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே போய் நிற்கிறார்கள். யாரும் சொல்லிவைத்து நிற்கவில்லை, சதுக்கம் அப்படி, நிழல் விழுகிற இடத்தில் பெரியவர் நிற்பார், அகலமான இடத்தில் குதிரை சுற்றும், கோமாளிக்கு மேடை ஓரம்தான் வசதி. தெரிந்த விஷயம்தான், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான் நின்றார்கள். ஆனால் இன்றைக்கு அவர்கள் ஒவ்வொருத்தராகப் போய் நிற்க நிற்க நான் படத்தையும் சதுக்கத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன். பூங்கோதை தெரிகிறாள், பச்சைத் துப்பட்டா, முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் தலையில் ஒரு தொப்பி போடக் கூடாதா, இந்த வெயிலில். மாசிலாமணி தப்பை நெருப்பில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார், எழுப்படி அடிக்கிறவர் அவர்தான். தாவூது பாய் முகமெல்லாம் கரி பூசி, தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டு, மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார், அதன் முனையில் பொட்டுவெடி வைத்துக் கட்டியிருக்கும், விசையை இழுத்தால் வெடிக்கும். இங்கிருந்து பார்த்தால் அவருக்கும் முகமே இல்லை.

இதோ புலி. மஞ்சள், கறுப்பு, கம்பி வைத்த வால், துணிக் காது. கூட்டம் ஓவென்று கத்துகிறது. நன்றாகத்தான் ஆடுகிறார், நான்தான் வீணாகப் பயந்து சாகிறேன். தாவிப் பீரங்கி மேடையில் ஏறுகிறார், நகத்தால் பீரங்கியைப் பிறாண்டுகிறார், குதிரை ராஜாவைத் துரத்துகிறார், ராஜாவின் கண்ணாடி கீழே விழுகிறது, ஒரே சிரிப்பு. பூங்கோதை முன்னால் வந்து பதுங்குகிறார், அவள் பயந்த மாதிரிப் பின்வாங்கிச் சிரிக்கிறாள், போன் ஆடுகிறது. போதும், வேட்டைக்காரன் பக்கம் திரும்புங்க, சீக்கிரம் வந்து சுட்டுத் தொலைங்க பாய், இவ்வளவு நேரம் எதற்கு ஆடவிடுகிறீர்கள். திரும்பும்போது ஒரு நொடி நின்றார். மாசிலாமணி தாளம் விட்ட இடத்துக்காக நின்றாரா, மூச்சுக்காக நின்றாரா. வலது கை தாடைக்குப் போகிறது. புலி முகத்தைத் துடைத்துக்கொள்ளும், அது ஆட்டத்தில் உண்டு, பூனை மாதிரி துடைத்துக் காட்டுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள், இப்போதும் சிரிக்கிறார்கள். ஆனால் துடைக்கவில்லை. பிடித்திருக்கிறார். தாடையைப் பிடித்திருக்கிறார். மாடிப்படியில் பிடித்த மாதிரி. இல்லை, துடைக்கிறார், கை இறங்கிவிட்டது, மறுபடி ஆடுகிறார், எலுமிச்சம்பழம் வாயில்தான் இருக்கிறது, நான் பார்க்கிறேன், வாயில்தான் இருக்கிறது. ஜன்னல் கம்பி சுடுகிறது, விட முடியவில்லை. தாவூது பாய் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்து துப்பாக்கியை நீட்டுகிறார். புலி அவரைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கி நிமிர வேண்டும், நிமிர்ந்ததும் வெடி, வெடித்ததும் விழ வேண்டும். நிமிர்கிறார். விழுந்துவிட்டார்.

டப் என்று வெடித்தது. வெடித்தது அப்புறம். விழுந்தது முதலில். கூட்டம் ஒரே கைதட்டல், விசில், ஒருத்தன் மேடையில் நின்று குதிக்கிறான். யாரும் கவனிக்கவில்லை. தாவூது பாய் கவனித்திருப்பார், அவர் கைதானே விசையை இழுத்தது, ஆனால் அவர் எழுந்து கட்டுப்படி புலியைச் சுற்றி நடக்கிறார், அவரும் புலி முந்திக்கொண்டது என்று நினைத்திருப்பார், மாப்பிள்ளைக்கு எப்போதும் அவசரம் என்று. நான் சரியாகப் பார்த்தேனா. சத்தம் மேல்மாடிக்கு வரத் தாமதமாகியிருக்கும், தூரத்தில் துணி துவைக்கிறவனைப் பார்த்தால் அடி முதலில் தெரியும், சத்தம் பின்னால் வரும், அதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் இது என்ன அவ்வளவு தூரமா, கல்லெறிந்தால் விழுகிற தூரம். விழும்போது துப்பாக்கி முனையில் புகை இல்லை. புகை இல்லை. ஐயோ, அவன் மறக்கவில்லை. அந்த வெள்ளைக்காரன் சாப்பிடப் போகவில்லை, தூரிகையைப் போட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை, இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான், பார்த்ததை வரைந்தான். அந்தக் கோமாளியும் சிரித்து வாயைப் பொத்தவில்லை. படத்தில் புலி வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு இருக்கிறது, பழைய தாளில் விழுந்த கறை என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கீழே தாரில் எலுமிச்சம்பழம் உருண்டு ஓடுகிறது. எழுந்த பிறகுதானே எறிய வேண்டும். ஒரு பெண் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், பக்கத்தில் இருப்பவர்கள் அவளைத் தட்டிக்கொடுக்கிறார்கள்.

மாசிலாமணி எழுப்படி அடிக்கிறார். பெரியவர் மயில்பீலியை மேலே வீசுகிறார், தொடாமல் வீசுகிறார். புலி எழவில்லை. கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டுகிறது, எனக்குத் தெரியும் ஏன் என்று, போன வருஷம் இவர் இப்படித்தான் விளையாட்டுக் காட்டினார், எழுப்படி முடிந்தும் எழாமல் கிடந்து, எல்லாரும் குனிந்து பார்க்க வந்த நேரத்தில் உறுமிக்கொண்டு பாய்ந்தார், ஊரே சிதறி ஓடியது, மாசக்கணக்கில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். இந்த வருஷமும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள், பாயப்போறான் பாரு, பாயப்போறான் பாரு. பூங்கோதை சிரித்துக்கொண்டே போனைக் கிட்டே நீட்டுகிறாள். அப்பா, நடிக்காதீங்க என்று அவள் சொல்லுகிற மாதிரி வாய் அசைகிறது, அப்பா என்றால் பேர் இல்லை, பரவாயில்லை, பேரைச் சொன்னால்தான். ஒருவேளை விளையாட்டாகவே இருக்கலாம். இருக்கும். இவருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. கையைப் பார்க்கிறேன், விரல் அசைகிறதா, வெயில் பெயிண்டில் பட்டு மின்னுகிறது, அசைகிற மாதிரியும் இருக்கிறது அசையாத மாதிரியும் இருக்கிறது. மாசிலாமணி மறுபடி அடிக்கிறார். இது முடிந்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் மூணு வருஷம் முடிந்தது, பிள்ளைக்கு இனிமேல் ஒன்றும் வராது. நான் கூப்பிட்டால் இத்தனையும் போச்சு. தார் சுடும், அந்தத் தாரில் ஒரு கன்னம் பதிந்து கிடக்கிறது, விளையாட்டென்றாலும் எந்த மனுஷன் அந்தச் சூட்டில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடப்பான். போன வருஷம் முழங்கையில் தாங்கிக்கொண்டு கிடந்தார். கன்னத்தை வைக்கவில்லை. கீழே ஓடலாம், படி இறங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, அதற்குள் என்னாகுமோ, நான் போனாலும் தொடவிட மாட்டார்கள், அது புலிம்மா, தொடாதீங்க என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள், நல்லதுக்குத்தான் பிடிப்பார்கள். புலி என்று நினைக்கிறவரைக்கும் ஒருத்தரும் கிட்டே போக மாட்டார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூங்கோதை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். இன்னும் ஒரே ஒரு அடி பார்க்கலாம். மாசிலாமணியின் கை நின்றுவிட்டது, அவர் தாவூது பாயைப் பார்க்கிறார். கூட்டம் கை தட்டிக்கொண்டே இருக்கிறது. என் பிள்ளையா, இவரா, இதை யார் என்னிடம் கேட்பது, எந்தச் சாமி இப்படிக் கேட்கும், கேட்கக் கூடாது, கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

"வைத்திலிங்கம்!"

யார் கத்தினது என்று தெரியவில்லை, நானாகத்தான் இருக்க வேண்டும், தொண்டை எரிகிறது. இத்தனை வருஷம் வாயில் வராத பேர். "வைத்திலிங்கம், எந்திரிங்க! பாய், அவருக்கு நெஞ்சுவலி, தொடுங்க பாய், தூக்குங்க!" கைதட்டல் அப்படியே நின்றுபோகிறது. எல்லா முகமும் மேலே திரும்புகிறது, அரிசி இறைத்த மாதிரி முகங்கள், வாய் திறந்தபடி, படத்தில் இருப்பது போலவே. கோமாளி கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். பெரியவர் மயில்பீலியைக் கீழே தாழ்த்தி என்னைப் பார்க்கிறார், கோபமில்லை, பார்க்கிறார். தாவூது பாய்தான் முதலில் அசைந்தார், துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புலியின்மேல் விழுந்து புரட்டினார். எனக்கு அதற்குமேல் ஜன்னலில் நிற்க முடியவில்லை.

படி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கூட்டம் எனக்கு வழி விட்டது, தேவைக்கு அதிகமாகவே விட்டது, பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். எலுமிச்சம்பழத்தை எடுத்தவள் அதைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் பின்சீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள், தாவூது பாய் மடியில் தலை, ஒரு கன்னத்தில் மஞ்சள் பெயிண்ட் உரிந்து தோல் சிவந்திருந்தது. பாயின் முகத்துக் கரியில் கண்ணீர் வழிந்து கோடு விழுந்திருந்தது.

"மூச்சு இருக்குது தங்கச்சி. கம்மியாத்தான் இருக்குது, ஆனா இருக்குது. ஏறுங்க."

ஏறினேன். அவர் நெஞ்சில் கை வைத்தேன், பெயிண்ட் கையில் ஒட்டியது, அதற்குக் கீழே எங்கேயோ அடித்தது, தாளம் தப்பி அடித்தது, அடித்தது. எலுமிச்சை வாசனை வந்தது. பூங்கோதை எனக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், போன் இன்னும் கையில் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதை நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியாதவள் மாதிரி வைத்திருந்தாள். ஆட்டோ சதுக்கத்தை விட்டுத் திரும்பும்போது வெள்ளிக் கை அங்கேயே நின்றது, யாரும் அதை நகர்த்தவில்லை, ஊர்வலம் போகலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பூங்கோதை அழவில்லை. அம்மா, பேரைச் சொல்லிட்டியேம்மா என்றாள் மெதுவாக, குற்றமாகச் சொல்லவில்லை, சின்னப் பிள்ளையில் பரீட்சைக்குப் பேனா மறந்துவிட்டால் சொல்லுகிற மாதிரி சொன்னாள். சொல்லிட்டேன்டி என்றேன். அப்புறம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. இவ்வளவு நேரம் வெயிலில் நின்றவள், சுடத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போன என் இன்னொரு கையை, மஞ்சள் பெயிண்டோடு, மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.